பழைய வெப்பப் பசையை நீக்குதலும் பிராசஸருக்கேற்ற கூலரைத் தெரிந்தெடுத்தலும்

பள்ளிக்கூடத்திலோ கிளை அலுவலகத்திலோ உள்ள கணிப்பொறி காலையில் ஒழுங்காக வேலை செய்து, வெயில் ஏறியதும் மந்தமாகி, நண்பகலில் தானாகவே நின்றுவிடுவதைப் பலரும் கண்டிருப்பர். சற்று ஓய்வு கொடுத்தால் மீண்டும் இயங்கும். பின்னர் மீண்டும் நிற்கும். இத்தகைய கணிப்பொறிகளுள் சில, பழுதுபட்டவை என்று பதிவேட்டில் எழுதப்பட்டுக் கழிவுப் பொருள்களோடு ஒதுக்கப்படுகின்றன. பல சமயங்களில் அவற்றின் பிராசஸருக்கு யாதொரு கேடும் நேர்ந்திராது. அதன்மேல் பொருத்திய கூலரில் தூசி அடைந்திருக்கும். அல்லது இரண்டுக்கும் இடையேயுள்ள பசை காய்ந்து பொருக்காகியிருக்கும்.

பிராசஸர் உட்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளிப்படுகிறது. மேசைக் கணிப்பொறிகளில் உள்ள பிராசஸர்கள் பல, 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதன் பின்னரும் வெப்பம் ஏறினால் இயக்கத்தை அடியோடு நிறுத்திவிடும். ஆகவே நண்பகலில் கணிப்பொறி நிற்பது தன்னைக் காத்துக்கொள்ளும் செயலேயன்றி நோயன்று. நோய், வெப்பம் வெளியேறும் வழியில் இருக்கிறது.

அவ்வழியில் மிகவும் இடுக்கான இடம் பிராசஸரின் மேல் தகடும் கூலரின் அடிப்பரப்பும் சந்திக்கும் இடமாகும். இரண்டும் கண்ணுக்கு வழுவழுப்பாகத் தோன்றினும், நுண்மையாக நோக்கினால் மேடும் பள்ளமுமாகவே இருக்கும். மேடுகள் சில புள்ளிகளில் மட்டும் தொட்டுக்கொள்ள, பள்ளங்களில் காற்று தங்கிவிடுகிறது. செம்பின் வெப்பங்கடத்துதிறன் மீட்டருக்கு டிகிரிக்குச் சுமார் 400 வாட்; காற்றின் திறனோ 0.026 வாட் மட்டுமே. 3 சென்டிமீட்டர் சதுரமான பரப்பில் 0.05 மில்லிமீட்டர் கனமுள்ள காற்றுப் படலம் மட்டும் இருப்பதாகக் கொண்டால், 65 வாட் வெப்பத்தைக் கடத்த இருபுறமும் சுமார் 139 டிகிரி வேறுபாடு வேண்டும். அதே கனத்தில் 4 வாட் திறனுள்ள பசை இருப்பின் ஒரு டிகிரிகூட வேண்டுவதில்லை. மெய்யான பரப்புகளில் உலோகம் உலோகத்தைத் தொடும் இடங்களும் உண்டாதலால் நிலைமை அவ்வளவு கேடாக இராது. எனினும் பசையின் பணி யாதென்பது இக்கணக்கால் விளங்கும். அது காற்றை வெளியேற்றுவதற்காக இடப்படுவது. செம்புக்கு மாற்றாக அமைவது அன்று. ஆதலால் கனமாகப் பூசினால் அதுவே தடையாகிவிடும்.

ஆசிரியர்கள் இதை வகுப்பில் எளிதிற் காட்டலாம். இரண்டு சிறு கண்ணாடித் தகடுகளை உலர்ந்த நிலையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து எடுத்தால் எளிதாகப் பிரியும். இடையில் ஒரு துளி நீர் விட்டு அழுத்தினால், நீர் பரவிக் காற்றை விளிம்புக்குத் தள்ளுவதைக் காணலாம். பின்னர்த் தகடுகளை நேராக இழுத்துப் பிரிப்பது கடினம். பக்கவாட்டில் நகர்த்தினால் கழன்றுவிடும். கூலரைக் கழற்றும்போது இச்சோதனை நினைவில் இருத்தல் நலம்.

பசையில் பெரும்பாலும் சிலிக்கோன் எண்ணெயும், துத்தநாக ஆக்சைடு அல்லது அலுமினிய ஆக்சைடு போன்ற தூளும் கலந்திருக்கும். நாள்தோறும் சூடேறிக் குளிர்வதால் பசை சிறிது சிறிதாக விளிம்புக்கு ஒதுங்குகிறது. எண்ணெய் பிரிந்து, எஞ்சிய தூள் இறுகுகிறது. கூலரை ஒருமுறை எடுத்துவிட்டால், பசை ஈரமாகத் தோன்றினாலும் அதை அப்படியே வைத்து மீண்டும் பொருத்தலாகாது. இடையில் காற்றுக் குமிழ்கள் சிக்கிக்கொள்ளும்.

நீக்கும் வேலைக்கு முன் கணிப்பொறியைச் சில நிமிடங்கள் இயக்கிப் பசையை இளகச் செய்வது நல்லது. பின்னர் அதை நிறுத்தி, மின் இணைப்பைப் பிடுங்கி, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிக்கொள்ள வேண்டும். விசிறியின் கம்பியை மதர்போர்டிலிருந்து கழற்றிய பின், திருகுகளை மூலைக்கு மூலை மாற்றிச் சிறிது சிறிதாகத் தளர்த்துக. இன்டெல் கூலர்களில் திருகுக்குப் பதிலாக அழுத்தும் முளைகள் இருப்பின், அவற்றின் தலையில் உள்ள அம்புக்குறி காட்டும் திசையில் திருப்பி மேலே இழுக்க வேண்டும். 2017 முதல் ரைசன் பிராசஸர்களுக்குப் பயன்பட்ட ஏ.எம்.4 சாக்கெட்டில் தனிக் கவனம் வேண்டும். அதில் பிராசஸரை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் சட்டம் இல்லை. கூலரை நேராக இழுத்தால் பிராசஸரும் ஒட்டிக்கொண்டு வந்து, அதன் மெல்லிய ஊசிகள் வளைந்துபோகக்கூடும். இடமும் வலமுமாக மெல்லத் திருகிப் பிடிப்பைத் தளர்த்திய பிறகே தூக்குக.

பழைய பசையை முதலில் உலர்ந்த காகிதத்தால் ஒற்றி எடுத்து, எஞ்சியதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் துடைக்கலாம். மின்னணுப் பொருள் கடைகளில் 99 சதவீதத் தூய்மையில் கிடைப்பது மிக ஏற்றது. விளிம்பிலிருந்து நடுவை நோக்கித் துடைத்தால் அழுக்குச் சாக்கெட்டுக்குள் வழியாது. துணியைத்தான் நனைக்க வேண்டும். பிராசஸரின் மேல் ஆல்கஹாலை ஊற்றலாகாது. பிராசஸரைச் சாக்கெட்டிலிருந்து எடுக்க வேண்டுவதுமில்லை. இறுகிய பசையின்மேல் நனைந்த துணியை ஒரு நிமிடம் வைத்திருந்தால் அது ஊறிவிடும். கத்தியோ உலோகத் தகடோ கொண்டு சுரண்டுவது பரப்பைக் கெடுக்கும். மண்ணெண்ணெய் வேண்டா. கைகழுவும் சானிடைசரில் கிளிசரினும், மருத்துவ ஸ்பிரிட்டு வகைகள் சிலவற்றில் எண்ணெயும் இருப்பதால், அவை ஒரு படலத்தை நீக்கி மற்றொன்றை விட்டுச்செல்லும். புதிய துணியில் கறை படியாத வரை இரண்டு மூன்று முறை துடைத்து, உலரவிட்டு, அதன்பின் விரலால் தொடாதிருத்தல் வேண்டும். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் பொருளாதலால் அருகில் சுடர் இருக்கலாகாது.

கூலரின் தகடுகளுக்கிடையே உள்ள தூசியையும் அப்போதே தூரிகையால் அகற்றிவிடலாம். புதிய பசை சிறிய பட்டாணி அளவில் நடுவில் இட்டால் போதும். கூலரின் அழுத்தமே அதைப் பரப்பிவிடும். திருகுகளை மீண்டும் மூலைக்கு மூலை மாற்றி இறுக்குக. புதிய கூலர்கள் சிலவற்றின் அடியில் பசை முன்னரே பூசப்பட்டிருக்கும். அவற்றில் மேலும் இடலாகாது. திரவ உலோகம் என்னும் பெயரில் விற்கப்படும் காலியக் கலவை பள்ளிக்கு ஏற்றதன்று. அது அலுமினியத்தை அரிக்கும். மின்சாரத்தையும் கடத்துமாதலால், ஒரு துளி தவறி விழுந்தால் மதர்போர்டே பாழாகும்.

சுத்தம் செய்தும் பயனில்லையெனில், அல்லது விசிறி தேய்ந்து இரைந்தால், புதிய கூலரைப் பற்றி எண்ணலாம். முதலில் சாக்கெட்டைப் பார்க்க வேண்டும். இன்டெல்லின் எல்.ஜி.ஏ.1200 சாக்கெட்டில் துளைகளின் இடைவெளி 75 மில்லிமீட்டர். 2021இல் வந்த எல்.ஜி.ஏ.1700இல் அது 78 மில்லிமீட்டர். மூன்று மில்லிமீட்டர்தானே என்று பழையதை வாங்கிவந்தால் பொருந்தாது. பெட்டியின் மூடிக்கும் பிராசஸருக்கும் இடையேயுள்ள உயரத்தையும் அளந்துகொள்க.

அடுத்தது வாட் கணக்கு. பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்புவது போதாது. கோர் ஐ5-12400 பிராசஸரின் அடிப்படை அளவு 65 வாட். உச்ச வேகத்தில் 117 வாட் வரை செல்லும். ஒரு கூலர் வாட் ஒன்றுக்கு 0.4 டிகிரி ஏற்றம் தருவதாகக் கொள்வோம். 65 வாட்டில் அதன் அடிப்பரப்பு, உள்ளே வரும் காற்றைவிட 26 டிகிரி மிகும். 117 வாட்டில் சுமார் 47 டிகிரி மிகும். 25 டிகிரிக் காற்றில் இது 72 டிகிரியாக முடியும். 42 டிகிரிக் காற்றில் 89 டிகிரியாகும். சில்லின் உட்புறம் அதனினும் சூடாக இருக்கும். பெட்டிக்குள் உள்ள காற்று அறையைவிடச் சற்று மிகுந்தே இருக்கும். குளிரூட்டிய அறையில் சோதித்து எழுதிய பாராட்டுரைகள் நம் நாட்டுக் கோடைக்கு அப்படியே பொருந்தாமைக்கு இதுவே காரணம். ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவாயிற்று. காற்றால் குளிர்விக்கும் கூலர் எதுவும் பிராசஸரைத் தன்னைச் சூழ்ந்த காற்றைவிடக் குளிர்ச்சியாக்க இயலாது.

ஆகவே வெப்பப் பகுதிகளில், பிராசஸரின் உச்ச வாட்டுக்கு மேலும் இடம்விட்டுக் கூலரைத் தெரிந்தெடுப்பது தக்கது. வெறும் அலுமினிய வார்ப்பைவிட வெப்பக் குழாய்கள் உள்ள கூலர் மேலானது. அச்செம்புக் குழாய்களுக்குள் குறைந்த அழுத்தத்தில் சிறிதளவு நீர் உண்டு. அது சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் நீராகி, உட்சுவரின் நுண்துளைகள் வழியே திரும்பிவரும். இக்கருவியை 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் செய்து காட்டினார். பம்பு வைத்த திரவக் கூலர்கள் பள்ளிகளுக்கு வேண்டுவதில்லை; பம்பு நின்றால் அவ்விடத்தில் சரிசெய்ய இயலாது. அகன்ற விசிறி குறைந்த வேகத்திலேயே போதிய காற்றைத் தள்ளும், இரைச்சலும் குறையும்.

வேலைக்கு முன்னும் பின்னும், ஒரே மென்பொருளைப் பத்து நிமிடம் இயக்கி, பிராசஸரின் வெப்பநிலையோடு அறையின் வெப்பநிலையையும் பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டும். ஒப்பிட வேண்டியது இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டையே. ஜனவரியில் 70, மே மாதத்தில் 84 என்று கண்டவுடன் பசை காய்ந்துவிட்டது எனக் கொள்ளலாகாது. அறையும் 14 டிகிரி ஏறியிருந்தால் கூலர் தன் வேலையை முன்போலவே செய்துவருகிறது.