பாரிஸ் நகரத்து மரச்சாமான்கள்

பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துப் பட்டறைகளில் உருவான மேசைகளையும் அலமாரிகளையும் நாற்காலிகளையும் பெரும்பொருள் கொடுத்துச் சேகரிக்கும் ரசிகர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்றும் உண்டு. அவர்களில் கைதேர்ந்த ஒருவர் ஒரு சாமானைப் பரீட்சிக்கும் விதம் புதிதாகப் பார்ப்பவருக்குச் சற்று விசித்திரமாகவே தோன்றும். பளபளக்கும் முகப்பை ஒருமுறை பார்த்துவிட்டு, இழுப்பறையை முழுவதும் உருவி அதன் அடிப்பலகையைத் தடவிப் பார்ப்பார். சுவரோடு ஒட்டி நின்ற பின்புறத்தை விளக்கு வைத்துச் சோதிப்பார். வட்டமேசையாக இருந்தால் அதன் குறுக்களவை இரண்டு திசைகளில் அளப்பார். மரம் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே காலப்போக்கில் சுருங்குவது இயல்பாகையால், இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வட்டப்பலகை பெரும்பாலும் இம்மியளவாவது நீள்வட்டமாகியிருக்கும். அலங்காரத்தை யார் வேண்டுமானாலும் பின்னால் சேர்த்துவிடலாம்; பிறர் பார்க்கமாட்டார்கள் என்று விட்டுவிட்ட இடங்களில்தான் ஒரு சாமானின் சரித்திரம் கலப்பில்லாமல் தங்கியிருக்கிறது.

இந்தச் சரித்திரத்தைப் படிக்க விரும்புகிறவர், அக்காலத்துப் பாரிஸில் ஒவ்வொரு தொழிலும் தனித்தனிச் சங்கத்தின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது என்பதை முதலில் மனத்தில் கொள்ளவேண்டும். கெட்டி மரத்தில் நாற்காலிகளும் கட்டில்களும் செய்கிற தச்சர் ஒரு வகுப்பு. மலிவான மரச்சட்டத்தின்மேல் விலையுயர்ந்த மரங்களின் மெல்லிய தகடுகளை ஒட்டி அலமாரிகளும் எழுதுமேசைகளும் செய்கிறவர் மற்றொரு வகுப்பு. மேசையின் மூலைகளிலும் கால்களிலும் மின்னுகிற வெண்கல வேலைப்பாடுகளை வார்க்கிறவர் வேறொரு சங்கத்தார். வார்த்ததற்குப் பொன்முலாம் பூசுகிறவர் இன்னொரு சங்கத்தார். ஒருவர் தொழிலில் மற்றொருவர் கைவைப்பது குற்றம். ஆகவே, அரசகுமாரி ஒருத்தியின் அறைக்குச் சென்ற சிறு மேசைகூட நாலைந்து பட்டறைகளின் வாயிற்படி ஏறி இறங்கியே தன் உருவத்தை அடைந்தது. இவர்களையெல்லாம் இணைத்து வேலை வாங்கியவர்கள் கலைப்பொருள் வணிகர்கள்; தம் கையால் எதையும் உற்பத்தி செய்ய அவர்களுக்கு உரிமை இல்லை, ஆனால் எந்த மரத்தோடு எந்தப் பீங்கான் சேரவேண்டும் என்று தீர்மானித்தவர்கள் பெரும்பாலும் அவர்களே.

வேலையின் நுட்பத்தைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். ஓக் மரத்தில் சட்டம் கூட்டிய பிறகு, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனமுள்ளதாகக் கையால் அறுத்த மரத்தகடுகளில் பூவும் கொடியும் வெட்டி, நம் ஊர்த் தச்சர்கள் வச்சிரம் என்று வழங்கும் பசையைச் சூடாகத் தடவி ஒட்டுவார்கள். இலைக்குப் பச்சை, மலருக்குச் சிவப்பு, நீலம் என்று அத்தகடுகளுக்குச் சாயமும் ஏற்றப்பட்டது. இன்று அருங்காட்சியகங்களில் காணும் தேன்நிறமும் பழுப்பும் வெளிச்சம் பட்டு வெளுத்ததன் விளைவே; வெண்கலக் கவசத்தைக் கழற்றினால் அதன் நிழலில் கிடந்த இடத்தில் பழைய பச்சை அப்படியே இருப்பதுண்டு. எந்திரத்தால் சீவிய பிற்காலத் தகடு இதைவிட மெல்லியதாயும் ஒரே சீராயும் இருக்குமாதலால், தகட்டின் கனமும் ஒரு சாட்சியாகிறது.

பொன்முலாம் பூசிய முறை அழகில் எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு கொடியது. பொன்னைப் பாதரசத்தில் கரைத்துக் களிம்பாக்கி வெண்கலத்தின்மேல் தடவி நெருப்பில் வாட்டினால், பாதரசம் ஆவியாகிப் பறந்துவிடப் பொன் மட்டும் உலோகத்தோடு பற்றிக்கொள்ளும். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளர் கைகால் நடுங்கிப் பற்கள் உதிர்ந்து இளமையிலேயே நலிந்தார்கள். வெண்கலத் தொழிலில் புகழ்பெற்ற ராவ்ரியோ என்பவர் 1814இல் இறந்தபோது, இத்தீங்கைத் தடுக்க வழி காண்பவருக்கு 3,000 பிராங்க் பரிசு எழுதிவைத்துச் சென்றார். புகையை இழுத்துச் செல்லும் உலை அமைப்பை வகுத்த தார்சே என்ற ரசாயன நிபுணருக்கு 1818இல் அப்பரிசு கிடைத்தது.

சங்கக் கட்டுப்பாட்டுக்கு வெளியே நின்றவர்களும் சிலர் உண்டு. பதினான்காம் லூயி மன்னரின் தயவால் 1672இல் லூவர் அரண்மனையிலேயே குடியிருப்பும் பட்டறையும் பெற்ற ஆந்த்ரே ஷார்ல் பூல் என்பவர், மரவேலையையும் வெண்கல வேலையையும் ஒரே கூரையின்கீழ் நடத்தும் உரிமை பெற்றிருந்தார். பித்தளைத் தகட்டையும் அழுங்காமையின் ஓட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே சித்திரத்தை ஒட்டி, மெல்லிய வாளால் ஒரே தடவையில் அறுக்கும் முறை அவர் பெயராலேயே வழங்குகிறது. இதில் ஓட்டின் தளத்தில் பித்தளைச் சித்திரம் ஒன்றும், பித்தளைத் தளத்தில் ஓட்டுச் சித்திரம் மற்றொன்றுமாக இரண்டு கிடைப்பதால், வெட்டியதில் எதுவும் வீணாவதில்லை; ஜோடியாக இரண்டு அலமாரிகளும் பிறந்துவிடும். மரம் ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்க, பித்தளை அதற்கு இணங்காமல் நிமிர்ந்து பெயர்ந்துவருவதுதான் இச்சாமான்களின் தீராத வியாதி.

1743இல் விதிக்கப்பட்டு 1751இல் உறுதிப்படுத்தப்பட்ட ஒரு விதியின்படி, பாரிஸ் சங்கத்துத் தச்சர் ஒவ்வொருவரும் தம் பெயர் முத்திரையைச் சாமானின் மறைவிடத்தில் அடித்தாகவேண்டும். சங்கத்தின் பரிசோதகர்கள் பட்டறைக்கு வந்து பார்த்துத் தங்கள் முத்திரையையும் பக்கத்தில் பதிப்பார்கள். சேகரிப்போர் இம்முத்திரைக்காகத் தவம் கிடக்கிறார்கள். ஆனால் அதை வேதவாக்காகக் கொள்வது அபாயம். பழைய சாமானைப் பழுதுபார்த்தவரும் தம் முத்திரையை அடித்ததுண்டு, விற்றவரும் அடித்ததுண்டு, போலி முத்திரையோ ஓர் இரும்புத் துண்டில் அடங்கிவிடுகிற வேலை. அரசரின் தனி ஆதரவில் பணியாற்றியவர்களுக்கு முத்திரை அடிக்கும் கடமையே கிடையாது.

பொறித்த பெயரை மட்டும் நம்பமுடியாது என்பதற்கு, வெர்சாய் அரண்மனையில் இருக்கும் பதினைந்தாம் லூயியின் எழுதுமேசையே தக்க உதாரணம். சுருண்டு திறக்கும் மூடியுள்ள இம்மேசையை 1760இல் தொடங்கிய ஓபென் என்ற தச்சர் 1763இல் காலமானார். அவருடைய விதவையின் பட்டறையைப் பொறுப்பேற்று, பின்பு அவளையே மணந்துகொண்ட ரீஸ்னர் 1769இல் அதை முடித்துக் கொடுத்தார். இருவரும் ஜெர்மனியில் பிறந்தவர்கள். வெண்கல உருவங்களின் மாதிரி துப்ளேசியினுடையது. மேலே இருபுறமும் முகம் காட்டும் கடிகாரம் லெப்பீனுடையது. மேசையின்மேல் மரத்தில் பதித்த கையெழுத்தோ ரீஸ்னருடையது மட்டுமே.

பிரெஞ்சுப் புரட்சி வந்தபின், 1793 ஆகஸ்டு தொடங்கி ஏறத்தாழ ஓராண்டு நடந்த ஏலத்தில் வெர்சாய் அரண்மனைச் சாமான்கள் பதினேழாயிரத்துக்கு மேற்பட்ட தொகுதிகளாக விலைபோயின. அப்பொழுது சிதறியவற்றிலும் பிரபுக்களின் மாளிகைகளிலிருந்து வெளிவந்தவற்றிலும் சிறந்த பலவற்றை, பாரிஸில் வாழ்ந்த ஆங்கிலப் பிரபு நான்காம் ஹெர்ட்போர்ட் மார்க்விஸ் பிற்காலத்தில் வாங்கிக் குவித்தார். 1900 முதல் லண்டனில் பொதுமக்கள் காணும் வாலஸ் சேகரிப்பின் உயிர்நாடி அதுவே. தமக்குக் கிட்டாத மன்னர் மேசைக்கு அவர் ஒரு பிரதி செய்வித்தார்; அப்பிரதியும் இன்று அங்கே கௌரவமாக வைக்கப்பட்டிருக்கிறது.

1791இல் சங்கங்கள் ஒழிக்கப்பட்டன. தச்சரும் சிற்பியும் வார்ப்பவரும் முலாம் பூசுபவரும் ஒரே முதலாளியின் கீழ் வேலை செய்யும் பெரிய பட்டறைகள், ஜாக்கோப் என்ற தச்சர் குடும்பத்தாருடையதைப் போல, அதன்பின் வளர்ந்தன. ஒரு பெயர் ஒரு சாமானுக்கு ஏறக்குறைய முழுப் பொறுப்பு ஏற்கத்தக்க காலம் அப்பொழுதுதான் பிறந்தது. அதற்கு முற்பட்ட சாமானில் பெயரை மட்டும் தேடி விலை கொடுக்கிறவர் முத்திரையை வாங்குகிறார்; வார்ப்பின் பிசிறையும், தகட்டின் கனத்தையும், இழுப்பறையின் தேய்மானத்தையும் தனித்தனியே விசாரித்து வாங்குகிறவருக்கே சாமான் கிடைக்கிறது.