கழல மறுக்கும் பிளக்

ராயகிரி மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊர். அங்கே காற்றில் உப்பு கிடையாது. வருஷம் முழுக்க ஓடிய பைக்கின் ஸ்பார்க் பிளக்கைக்கூட ஸ்பேனரைப் போட்டதும் பெரும்பாலும் கழற்றிவிடலாம். அதே வகைப் பிளக் தூத்துக்குடிக் கரையில், வள்ளத்தின் அவுட்போர்டு இன்ஜினில் சில மாதம் தொடாமல் கிடந்தால் சிலிண்டர் ஹெட்டோடு பிடித்துக்கொள்ளும். முரட்டுத்தனமாகத் திருகினால் பிளக் முறியும், அல்லது மரை பிய்ந்துகொண்டு வரும். பெரிய விசைப்படகுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றில் இருப்பது டீசல் இன்ஜின். அதற்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாது.

யாரோ அளவுக்கு மீறி முடுக்கிவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். பல நேரம் காரணம் வேறு. பிளக்கின் உடல் எஃகு, ஹெட் அலுமினியம். இரண்டுக்கும் நடுவே உப்பு ஈரம் இறங்கினால் அந்த இடம் ஒரு சின்ன பேட்டரியாகிவிடுகிறது. அதில் கரைவது அலுமினியம். கரைந்த அலுமினியம் மரையிடுக்கில் வெள்ளைத் தூளாகப் பூக்கிறது. அந்தத் தூளுக்கு, அது உண்டான உலோகத்தைவிடக் கூடுதல் இடம் தேவை. இடமில்லாத மரைக்குள் அது ஆப்பு போல இறுகுகிறது.

தென்கடற்கரையில் மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டுகள் ஏராளம். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் கரியை அதிகம் படியவிடும் என்பதால் பிளக்கை அடிக்கடி கழற்றித் துடைக்க நேர்கிறது. அலுப்பான வேலைதான், ஆனால் பிளக் பிடிக்காமல் காப்பதும் இதுவே. ஆபத்து, புயல் காலத்தில் கரையேற்றி மூடி வைத்த இன்ஜினுக்குத்தான்.

மரையில் கிரீஸ் தடவலாமா? இதில் மெக்கானிக்குகளிடையே இன்றும் வழக்கு உண்டு. தங்கள் பிளக்குகளுக்கு முலாம் பூசியிருப்பதால் கிரீஸ் வேண்டாம் என்கிறது என்.ஜி.கே. நிறுவனம். வழுக்கும் மரையில் அதே விசை பிளக்கை இன்னும் ஆழமாக இழுத்து, அதன் உடலையே நீட்டிவிடக்கூடும் என்பது அதன் கவலை, நியாயமான கவலை. ஆனாலும் உப்புக் காற்றில் நிற்கும் இன்ஜினுக்கு, பிளக் இறுகாமலிருக்கவென்றே விற்கும் கிரீஸை மரையின் நடுப்பகுதியில் மெல்லியதாகப் பூசுவது நல்லது. நுனியில் படவே கூடாது. முடுக்கும் விசையையும் குறைத்துக்கொள்ள வேண்டும். வாஷர் வைத்த 14 மி.மீ. பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் வழக்கமான அளவு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். இன்ஜினின் கையேடு வேறு சொன்னால் அதுவே கணக்கு. முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருக வேண்டும். கோணலாக ஏறினால் விரலுக்கு உடனே தெரிந்துவிடும்.

ஏற்கெனவே பிடித்துவிட்டதா? இன்ஜின் ஆறட்டும். சுற்றியுள்ள மணலையும் உப்பையும் ஊதித் தள்ளிவிட்டு, துருவிளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவிட வேண்டும். பிறகு கால் சுற்று கழற்றி, திரும்ப உள்ளே திருகி, மறுபடி கழற்றி எனப் பொறுமையாக முன்னும் பின்னும் போக வேண்டும். மரை பிய்ந்தே போனாலும் ஹெட்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. துளையைப் பெரிதாக்கி எஃகுக் கம்பிச் சுருளாலான புது மரையை இறக்கித் தரும் பட்டறைகள் உண்டு.