கலாசாலைப் படிப்பும் குடியானவர் கணக்கும்

கல்வியின் மேன்மையைக் குடியானவர்களுக்குப் புதிதாக எடுத்துரைக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை. 2021-22ஆம் வருஷத்து அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, கலாசாலை வயதினருக்கு உயர்கல்வி பயில்வோரின் விகிதம் தமிழ்நாட்டில் 100க்கு 47. தேச முழுமைக்கும் 28. ஆதலின் பிள்ளைகளைப் படிக்கவைக்கலாமா என்பது இன்று கேள்வியன்று. எந்தப் படிப்பு, எவ்வளவு செலவில், எந்தக் கடனைக் கொண்டு என்பதே கேள்வி. இதை ஆலோசியாமல் நிலத்தை ஈடு வைப்பவர், பட்டம் கைக்கு வந்தும் நன்செய் கைவிட்டுப் போகும் நிலைக்கு ஆளாகக்கூடும்.

கிணறு வெட்டத் துணியும் குடியானவர் நான்கு சங்கதிகளை விசாரித்த பிறகே கடப்பாரையை எடுப்பார். வெட்டுக்கூலி எவ்வளவு? தண்ணீர் காணும்வரை வட்டி எவ்வளவு ஏறும்? ஊற்று நிச்சயந்தானா? ஊற்றுப் பொய்த்தால் கடனை எதைக் கொண்டு தீர்ப்பது? பட்டப்படிப்புக்கும் இந்நான்கு கேள்விகளே பொருந்தும்.

1. செலவு

கலாசாலையார் அச்சிட்டுக் கொடுக்கும் சம்பள விகிதம் செலவில் ஒரு பாகமே. விடுதி, சாப்பாடு, புஸ்தகம், பரீக்ஷைக் கட்டணம், போக்குவரத்து ஆகியவற்றை 4 வருஷத்துக்கும் சேர்த்து எழுதிக்கொள்ளவேண்டும். பிள்ளை வயலில் செய்துவந்த வேலைக்குப் பதிலாகக் கொடுக்க நேரும் ஆட்கூலியும் இக்கணக்கில் சேரும். கட்டணத்துக்கு மேற்பட்டு நன்கொடை என்று கேட்பார்களாயின், அது 1992ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டது என்பதை நினைவில் வைப்பது நலம்.

2. வட்டி

படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை பாங்கியார் தவணை கேட்பதில்லை என்பதால், அதுவரை வட்டியும் இல்லை என்று எண்ணுவோர் பலர். அது தவறு. உதாரணமாக, வருஷ ஆரம்பந்தோறும் ரூ. 1,00,000 வீதம் 4 வருஷம் வாங்கிய கடனுக்கு வட்டி 100க்கு 10 என்று வைத்துக்கொள்வோம். தவணை ஆரம்பிக்குமுன் தனிவட்டி மட்டும் ரூ. 1,40,000 ஆகிறது. ரூ. 4,00,000 கடன் ரூ. 5,40,000 ஆக நிற்கும். இதை 10 வருஷத்தில் தீர்ப்பதானால் மாதத் தவணை சுமார் ரூ. 7,140, கட்டும் மொத்தம் சுமார் ரூ. 8,56,000. 15 வருஷத்தில் தீர்ப்பதானால் தவணை சுமார் ரூ. 5,800 ஆகக் குறையும்; மொத்தமோ ரூ. 10,44,000 ஆக ஏறும்.

படிக்கும் காலத்திலேயே வட்டியை அவ்வப்போது செலுத்தி வருவோருக்கு, அதே 10 வருஷத் தவணையில் சுமார் ரூ. 82,000 மிச்சமாகும். முதல் வருஷத்தில் இவ்வட்டி மாதம் ரூ. 830 அளவேயாம். கறவை மாட்டு வரும்படியில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்குவது அநேக குடும்பங்களுக்கு இயலாததன்று.

3. ஊற்று

சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் டில்லியிலுள்ள மனித அபிவிருத்தி ஸ்தாபனமும் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் இந்திய இளைஞருள் வேலையை நாடிய பட்டதாரிகளில் 100க்கு 29 பேர் வேலையின்றி இருந்தனர். எழுதப் படிக்கத் தெரியாதவருள் இத்தொகை 3 பேர் மட்டுமே. இதைக்கொண்டு படிப்பு வீண் என்று முடிவு செய்யலாகாது. ஏழைக்கு வேலையின்றி இருக்க வசதியில்லை. கிடைத்த கூலிக்குப் போகிறான். பட்டதாரி தன் படிப்புக்கு ஏற்ற வேலைக்குக் காத்திருக்கிறான். ஆயினும் அவன் காத்திருக்கும் காலத்திலும் வட்டி காத்திராது.

ஆகவே விளம்பரத்தை நம்பாமல், அக்கலாசாலை உரிய அங்கீகாரம் பெற்றதா என்று முதலில் பார்க்கவேண்டும். சென்ற 2, 3 வருஷங்களில் அதே பாடத்தில் தேறியவர்கள் என்ன சம்பளத்தில் எங்கே இருக்கிறார்கள் என்பதைத் தம் தாலுகாவைச் சேர்ந்த பழைய மாணவர்களிடமே கேட்டறிவது உத்தமம். ஆரம்பச் சம்பளத்தில் சாப்பாடும் வாடகையும் போக மாதத் தவணைக்கு மிஞ்சாது என்று தெரிந்தால், அப்படிப்பை அவ்வளவு கடனில் தொடங்கலாகாது.

4. வேறு வழிகள்

10ஆம் வகுப்புத் தேறிய மாணவன் மேல்நிலைப் பள்ளியில் 2 வருஷமும் பொறியியல் கலாசாலையில் 4 வருஷமும் படித்தால் 6 வருஷத்தில் பட்டம் பெறுகிறான். அதே மாணவன் பாலிடெக்னிக்கில் 3 வருஷம் படித்து டிப்ளோமா பெற்றால், பட்டப்படிப்பின் இரண்டாம் வருஷத்தில் நேரே சேர வழியுண்டு. அவ்வழியிலும் காலம் 6 வருஷமே. வித்தியாசம் யாதெனில், பின்னவன் பாதி வழியில் நிற்க நேர்ந்தாலும் கையில் ஒரு தொழிலும் டிப்ளோமாவும் இருக்கும். சம்பாதித்துக்கொண்டே மேற்படிப்பை யோசிக்கவும் அவகாசம் கிடைக்கும்.

சர்க்கார் தொழிற்பயிற்சி நிலையங்களில் டிராக்டர் மெக்கானிக் பயிற்சி 1 வருஷம். எலக்ட்ரீஷியன், பிட்டர் பயிற்சிகள் 2 வருஷம். இவற்றில் தேறியவர் தகுதிக்கேற்பப் பாலிடெக்னிக்கின் இரண்டாம் வருஷத்தில் சேரலாம். 1961ஆம் வருஷத்துச் சட்டப்படி உதவித்தொகையுடன் தொழிற்சாலையில் பயிலவும் செய்யலாம். பம்பு செட்டும் டிராக்டரும் இல்லாத ஊர் இன்று அரிது. அவற்றைப் பழுதுபார்க்க வல்லவனுக்குச் சொந்த ஊரிலேயே பிழைப்புண்டு. பெண் மக்கள் விஷயத்திலும் இதே கணக்கே செல்லும். மகன் படிப்புக்குக் கடனும், மகள் படிப்புக்குச் சிக்கனமும் என்பது நியாயமன்று.

5. ஈடு வைக்குமுன்

கல்விக்கடன் ரூ. 4,00,000 வரையில் பாங்கிகள் சொத்து ஈடு கேட்கலாகாது என்று ரிசர்வ் பாங்கு 2010இல் உத்தரவிட்டது. 2015இல் ஏற்பட்ட உத்தரவாத நிதியின் கீழ் ரூ. 7,50,000 வரையிலும் ஈடின்றிக் கடன் பெற இடமுண்டு. தகப்பனார் அல்லது தாயார் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திடவேண்டும். 2024இல் ஏற்பட்ட பிரதம மந்திரி வித்யாலக்ஷ்மி திட்டத்தில், குறிப்பிட்ட உயர்தரக் கலாசாலைகளில் சேர்வோருக்கு, குடும்ப வருமானம் ரூ. 8,00,000க்கு மேற்படாதிருந்தால், ரூ. 10,00,000 வரையுள்ள கடனில் தவணை தொடங்கும்வரை 100க்கு 3 வீதம் வட்டிச் சலுகை ஏற்படுத்தப்பட்டது. இவ்விதம் இருக்க, வெளியாரிடம் நிலப் பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்குவது கடைசி வழியாகவேனும் இருக்கட்டும். முதல் வழியாக வேண்டாம்.

6. கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

சர்க்கார் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்தோருக்குப் பொறியியல், விவசாயம், கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் 100க்கு 7.5 இடங்கள் 2021இல் ஒதுக்கப்பட்டன. அவ்விடங்களுக்குரிய கட்டணங்களைச் சர்க்காரே ஏற்றது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு 2010 முதல் கட்டணச் சலுகை உண்டு; ஆனால் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கினவர் அதை இழப்பர். வருமானம், ஜாதி, முதல் பட்டதாரி ஆகிய சான்றுகள் ஒரு வாரம் தாமதித்தால் ஒரு சலுகையே தவறிப்போகலாம். பரீக்ஷை முடிவு வெளிவருமுன்பே ஊரிலுள்ள மாணவர்களை அழைத்து இச்சான்றுகளுக்கு மனுச் செய்யச் சொல்வது கிராம உத்தியோகஸ்தர் செய்யக்கூடிய பேருதவியாகும்.

நல்ல படிப்புக்காக அளவோடு வாங்கும் கடன் குற்றமன்று. ஊற்றுள்ள இடத்தில் வெட்டிய கிணறு தலைமுறைக்கும் பாயும். சேர்க்கைப் பணம் கட்டுமுன் ஒரு மாலைப்பொழுது பிள்ளையையும் உடன் வைத்துக்கொண்டு மேற்கண்ட கணக்கைக் காகிதத்தில் எழுதிப் பார்க்கவேண்டும். பின்னாளில் கடனை அடைக்கப் போகிறவர் அப்பிள்ளையே. ஆதலால் அவர் அறியாத கடன் ஒன்றும் அவர் பெயரில் இருக்கலாகாது.