காரியாலயம் ஊர் மாறுமுன்



திருவனந்தபுரத்திற்குத் தெற்கே ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தொலைவில் விழிஞ்ஞம் என்னும் கடற்கரை ஊர் இருக்கிறது. விடியற்காலையில் படகுகள் கரை சேரும்போது, அங்கே ஏலம் கூறுவோரும் கூடை சுமப்போரும் மொய்த்துக்கொள்வர். அக்கூட்டத்தினிடையே, மீன் வாங்கவும் விற்கவும் வராத ஒருவரையும் சில நாட்களில் காணலாம். எந்தப் படகில் எந்த மீன் எவ்வளவு வந்தது என்று கணக்கெடுப்பதே அவருடைய வேலை. அவர் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் ஊழியர். அந்நிலையத்தின் மண்டல மையம் ஒன்று விழிஞ்ஞத்தில் உள்ளது. தலைமை நிலையமோ கொச்சியில் உள்ளது. ஆனால் தொடக்கத்திலிருந்தே அது கொச்சியில் இருந்ததன்று. தமிழ்நாட்டில் பிறந்து, இருபதாண்டுகளுக்கு மேல் தமிழ்நாட்டிலேயே வளர்ந்து, பின்னர் இடம் பெயர்ந்த ஸ்தாபனம் அது.

அரசாங்கக் காரியாலயம் ஒன்றை ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு மாற்றுமுன் எவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள். தமிழகத்திற்கு வெளியே வாழும் நேயர்களுக்கு இது அந்நியமான பொருளன்று. உங்களில் பலரை இன்றைய ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தது ஒரு மாற்றல் உத்தரவாகவே இருக்கும். மத்திய அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரியும் எனக்கும் அத்தகைய உத்தரவுகளோடு பழக்கம் உண்டு. ‘பொதுநலன் கருதி’ என்னும் இரண்டு சொற்களை மொழிபெயர்க்க ஒரு நொடி போதும். அந்த நலன் எது, அதற்கு விலை எவ்வளவு, அவ்விலையைக் கொடுப்பவர் யார் என்று ஆராயத்தான் நேரம் பிடிக்கும்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவு செய்துகொள்வோம். உத்தியோகஸ்தரை மாற்றுவது வேறு. உத்தியோகத்தையே மாற்றுவது வேறு. ஒருவர் மாற்றலாகிச் செல்லும்போது அவருடைய நாற்காலி அங்கேயே இருக்கிறது. வேறொருவர் வந்து அமர்கிறார். அவருக்கு வழிகாட்டப் பழைய சகாக்கள் உள்ளனர். காரியாலயமே பெயர்ந்து செல்லும்போது நாற்காலியும் கூடவே செல்கிறது. அதில் அமர்ந்திருந்தவர் பின்னால் வருவாரா என்பது நிச்சயமில்லை. ஆகவே பின்னதற்கு முன்னதைவிட ஆழ்ந்த யோசனை தேவை.

மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் வரலாற்றையே உதாரணமாகக் கொள்வோம். 1947-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் மத்திய விவசாய அமைச்சகத்தின் கீழ் இந்நிலையம் நிறுவப்பெற்றது. முதலில் சென்னையில் இயங்கிய அது, 1949-ல் இராமநாதபுரம் சீமையிலுள்ள மண்டபம் முகாமுக்குச் சென்றது. இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட நம் தொழிலாளர்கள், கடல் கடக்குமுன் தங்கவைக்கப்பட்ட இடம் மண்டபம் முகாம் என்பதைப் பலரும் அறிவர். 1967-ல் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் வந்த இந்நிலையம், 1971-ல் தன் தலைமையிடத்தைக் கொச்சிக்கு மாற்றிக்கொண்டது.

மண்டபத்திற்கு இருந்த சிறப்பு இயற்கை தந்தது. ஒரு புறம் பாக் நீரிணை, மறு புறம் மன்னார் வளைகுடா. பவளப் பாறைகள் சூழ்ந்த தீவுகள். கடற்பாசியும் கடல் அட்டையும் கடற்பசுவும் வாழும் நீர்ப்பரப்பு. கடலுயிர்களை ஆராய்பவருக்கு வாயிற்படியிலேயே ஆய்வுக்கூடம் அமைந்தது போன்ற இடம் அது. கொச்சிக்கு இருந்த சிறப்போ வேறு வகையினது. அது பெரிய துறைமுகம். மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம் 1957 முதலே அங்கு இயங்கி வந்தது. கடலுணவு ஏற்றுமதி வணிகமும் அங்கே தழைத்தது. கடலில் மீன் வளத்தை அறிபவர்களும், வலையும் படகும் செய்வதை ஆராய்பவர்களும், பிடித்த மீனை வெளிநாட்டுக்கு அனுப்புபவர்களும் ஒரே ஊரில் இருந்தால் காரியங்கள் விரைந்து நடக்கும் அல்லவா? ஆகவே இரண்டு ஊர்களுமே தக்க இடங்கள்தாம். எந்த வேலைக்கு எந்த ஊர் தக்கது என்பதே கேள்வி.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தலைமை நிலையம் கொச்சிக்குச் சென்ற பின்னும் மண்டபத்தில் ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. அது மண்டல மையமாகத் தொடர்ந்தது. 1973-ல் இந்நிலையத்தின் விஞ்ஞானிகள் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டியது தூத்துக்குடியில். கடல் விரால் என்னும் மீனை இந்தியாவில் முதன்முதலாகச் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்கச் செய்தது, 2010-ல், மண்டபத்தில். பாறைகளில் ஒட்டி வாழும் சிப்பிகளைக் கடலில் தொங்கவிட்ட கயிறுகளில் வளர்க்கும் முயற்சி 1970-களில் நடைபெற்றது விழிஞ்ஞத்தில். நிர்வாகத்தின் தலை ஓர் ஊரில் இருக்கலாம். கையும் காலும் வேலை இருக்கும் இடத்தில்தான் இருந்தாக வேண்டும். விழிஞ்ஞத்தில் இறங்கும் மீனைக் கொச்சியில் அமர்ந்து எண்ண இயலாது.

இனி, இலாப நஷ்டங்களை நிறுத்துப் பார்க்கும் முறையைக் காண்போம். இதற்கு மூன்று பத்திகள் கொண்ட கணக்கேடு ஒன்று வேண்டும். முதல் பத்தி பணம். இரண்டாவது பணி. மூன்றாவது மக்கள்.

பணக் கணக்கு எளிதாகத் தோன்றும். மாற்றலாகும் ஊழியருக்கு மத்திய அரசாங்கம் பயணச் செலவும் சாமான் ஏற்றும் செலவும் தருகிறது. ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரைகளை ஒட்டி 2017-ல் வந்த உத்தரவுப்படி, 20 கிலோமீட்டருக்கு அப்பால் மாற்றலாகிறவருக்கு ஒரு மாத அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதம் மாற்றல் மானியமாகக் கிடைக்கிறது. இவற்றோடு புதிய கட்டடச் செலவையும், ஆய்வுக் கருவிகளை மீண்டும் பொருத்தும் செலவையும் கூட்டுதல் வேண்டும். எதிர்ப் பக்கத்தில், வாடகை முதலியவற்றில் ஆண்டுதோறும் மிச்சமாகும் தொகையை எழுதுதல் வேண்டும். பேச்சுக்காக ஒரு கணக்குச் சொல்கிறேன். மாற்றுவதற்குப் பத்துக் கோடி ரூபாய் செலவாகி, ஆண்டுக்கு ஒரு கோடி மிச்சமாகுமானால், போட்ட முதல் திரும்பவே பத்து ஆண்டுகள் ஆகும். செலவு முதல் ஆண்டிலேயே நிச்சயம். சேமிப்போ பிந்திய ஆண்டுகளின் எதிர்பார்ப்பு.

இந்தக் கணக்கில் பலர் செய்யும் பிழை ஒன்றையும் சுட்டிக் காட்ட வேண்டும். ‘காரியாலயம் வந்தால் ஊர் வளரும், கடைகளில் வியாபாரம் பெருகும், வீடுகளுக்கு வாடகை கிடைக்கும்’ என்பார்கள். அது உண்மைதான். ஆனால் காரியாலயத்தை இழக்கும் ஊரில் அதே வியாபாரமும் அதே வாடகையும் குறைகின்றன. இந்தக் கையிலிருந்த காசை அந்தக் கைக்கு மாற்றுவதால் பையில் இருப்பது கூடிவிடாது. பின்தங்கிய ஊரைக் கைதூக்கிவிடுவது ஒரு நல்ல நோக்கமே. அந்நோக்கத்திற்காகச் செய்வதாயின் அப்படியே வெளிப்படையாகச் சொல்லலாம். சிக்கனம் என்று பெயரிடுதல் பொருந்தாது.

இரண்டாவது பத்தி, பணி. இங்கேதான் பெரிய இழப்புகள் கண்ணுக்குத் தெரியாமல் நேர்கின்றன. அமெரிக்க ஐக்கிய நாட்டில் விவசாயத் துறையைச் சேர்ந்த இரண்டு ஆராய்ச்சி அமைப்புகளை 2019-ல் வாஷிங்டனிலிருந்து கான்சாஸ் நகருக்கு மாற்றினார்கள். ஊழியர்களில் பெரும்பகுதியினர் உடன் செல்லாமல் விலகிக்கொண்டனர். அந்நாட்டுப் பாராளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2022-ல் இதை ஆராய்ந்தது. ஊழியர் விலகுவதாலும் வேலை தடைப்படுவதாலும் நேரும் செலவுகள் முன்கூட்டிச் செய்த கணக்கில் போதிய அளவு சேர்க்கப்படவில்லை என்று அது கண்டது. பின்னர் புதியவர்கள் நியமிக்கப்பட்டு எண்ணிக்கை ஏறக்குறைய நிரம்பியது, அனுபவம் நிரம்பவில்லை. ஆஸ்திரேலியாவிலோ, பூச்சிமருந்துகளை ஒழுங்குபடுத்தும் ஆணையத்தைக் கான்பெராவிலிருந்து ஆர்மிடேல் என்னும் ஊருக்கு மாற்றுமுன் கணக்கு எடுக்கவே செய்தார்கள். நாட்டுக்கு நிகரமாக 2.3 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று அந்தக் கணக்குக் கூறிற்று. 2016-ல் மாற்ற உத்தரவு பிறந்தது. தராசைக் கையில் எடுத்தால் மட்டும் போதாது. முள் காட்டுவதைப் பார்க்கவும் வேண்டும்.

மூன்றாவது பத்தி, மக்கள். இவர்கள் இரு வகையினர். ஒரு வகையினர் காரியாலயத்தை நாடி வருவோர். 1949 ஜூலையில் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது, தலைநகரைத் திருவனந்தபுரத்திலும் உயர் நீதிமன்றத்தை எர்ணாகுளத்திலும் அமைத்தார்கள். 1956-ல் மலபாரும் சேர்ந்து கேரளம் உருவான பின், வடபகுதியினருக்கு எர்ணாகுளம் அணுக வசதியாயிற்று. ஆனால் விழிஞ்ஞத்து மீனவர் ஒருவர் உயர் நீதிமன்றத்திற்குச் செல்ல வேண்டுமானால் 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். அவருடைய பஸ் கட்டணமும், அவர் கடலுக்குப் போகாமல் இழக்கும் ஒரு நாள் வருமானமும் எந்த அரசாங்கக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஏறாததால் அவை செலவல்ல என்று ஆகிவிடாது.

மற்றொரு வகையினர் ஊழியரின் குடும்பத்தார். வீடு மாற்றவேண்டிய ஊழியருக்கு, 1,000 கிலோமீட்டர் வரை 10 நாட்களும், அதற்கு மேல் 2,000 வரை 12 நாட்களும், அதற்கும் மேற்பட்டால் 15 நாட்களும் புதிய இடத்தில் சேர்வதற்கு அவகாசம் உண்டு. சாமான் கட்ட அது போதும். ஆனால் வயதான தாயார் புதிய ஊரின் வைத்தியரிடம் தம் நோவைச் சொல்ல மொழி பழக எத்தனை நாள்? அதே ஊரில் ஆசிரியையாக இருக்கும் மனைவி வேறு வேலை தேட எத்தனை மாதம்? மாற்றலாகும் ஊழியர்களின் பிள்ளைகளுக்காக 1963-ல் மத்தியப் பள்ளிகள் தோன்றின. இன்று கேந்திரிய வித்யாலயங்கள் எனப்படும் அவை பாடம் தடைப்படாமல் காக்கின்றன. ஆனால் அங்கே போதனை இந்தியிலும் ஆங்கிலத்திலுமே நடைபெறுகிறது. டில்லியிலுள்ள தமிழருக்குத் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் துணை நிற்கின்றன. அத்தகைய வசதி எல்லா நகரங்களிலும் இல்லை. பேச்சுத் தமிழ் வீட்டில் தங்கி, எழுத்துத் தமிழ் பிள்ளையின் கையிலிருந்து நழுவிப் போவதைப் பார்த்த பெற்றோருக்கு, இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் சொல்வதால், எந்தக் காரியாலயமும் பிறந்த ஊரிலேயே வேரூன்றி நிற்க வேண்டும் என்பது என் கருத்தன்று. மீன்வள ஆராய்ச்சி நிலையம் போன்றவை இடம் மாறியும் தழைத்துள்ளன. மாற்றுமுன் நான்கு கேள்விகளுக்கு விடை காணவேண்டும் என்பதே என் கருத்து. இந்த வேலையில் எந்தப் பகுதி இடத்தோடு பிணைந்தது, எந்தப் பகுதி பிணையாதது? முழுவதையும் மாற்றாமல் ஒரு கிளையை மட்டும் அமைத்தால் அதே பயன் கிட்டாதா? ஊழியர்களில் எத்தனை பேர் உடன் வருவார்கள் என்று அவர்களையே கேட்டாயிற்றா? காரியாலயத்தை நாடி வருவோருக்கு வழி குறைகிறதா, கூடுகிறதா? கோப்புகள் கணினி வழியே பயணம் செய்யும் இக்காலத்தில், இரண்டாவது கேள்விக்கு முன்னிலும் எளிதாக விடை கிடைக்கும். திருக்குறளில் ‘தெரிந்து செயல்வகை’ என்றே ஓர் அதிகாரம் அமைந்திருப்பதை நேயர்கள் அறிவீர்கள். நிர்வாகத்திற்கு இவ்வறிவுரை புதியதன்று.

விழிஞ்ஞம் இன்று பழைய மீன்பிடி ஊராக மட்டும் இல்லை. கரையை ஒட்டியே ஆழமான கடல் இருப்பதால், பெருங்கப்பல்கள் அணையும் துறைமுகம் அங்கே கட்டப்பட்டு, 2025 மே 2-ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. துறைமுகம் வளர வளர, இந்தக் காரியாலயம் இங்கே வரட்டும், அந்தக் காரியாலயம் அங்கே போகட்டும் என்னும் யோசனைகளும் எழுவது இயல்பு. யோசனை சொல்பவர்கள் ஒரு நாள் விடியற்காலையில் அக்கரைக்குச் சென்று பார்ப்பது நல்லது. அங்கே மீனைக் கண்ணால் பார்த்து மதிப்பிட்ட பிறகே எவரும் விலை கேட்கிறார்கள். ஒரு கூடை மீனுக்குக் காட்டும் அந்தக் கவனத்தை, ஒரு காரியாலயத்திற்கும் அதை நம்பி வாழும் குடும்பங்களுக்கும் காட்டினால் போதும்.