8 நியூட்டன் மீட்டர் இடைவெளி: இறுகிப்போன போல்ட்டின் கணக்கு

கார்களில் மிகுதியாகக் காணப்படும் போல்ட்டுகளில் ஒன்று எம்8: மரையின் வெளிவிட்டம் 8 மி.மீ., மரை இடைவெளி 1.25 மி.மீ. தலையில் 8.8 என்ற வலிமைத் தரம் பொறித்த எம்8 போல்ட்டை முடுக்கும் வழக்கமான அளவு சுமார் 25 நியூட்டன் மீட்டர். அதே போல்ட்டின் தண்டை முறுக்கி ஒடிக்க, தரநிர்ணயத்தின்படி, குறைந்தது 33 நியூட்டன் மீட்டர் வேண்டும். இடைவெளி 8 நியூட்டன் மீட்டர். தேனி மாவட்டத்து மயிலாடும்பாறையில் வீட்டு வாசலில் காரை நிறுத்திப் பழுது பார்ப்பவர் துருவேறிய போல்ட்டில் ஸ்பானரை மாட்டும்போது, அவர் கைவசம் இருக்கும் பாதுகாப்பு எல்லை இவ்வளவுதான்.

முடுக்கும் 25 நியூட்டன் மீட்டரில் ஏறத்தாழ 50 விழுக்காடு தலைக்கு அடியில் உராய்வாகவும், 40 விழுக்காடு மரையில் உராய்வாகவும் செலவாகிறது. மீதி 10 விழுக்காடே போல்ட்டை இழுத்துப் பிடிக்கும் விசையாகிறது. ஆக, மரையின் பங்கு 10 நியூட்டன் மீட்டர். துருவால் இது 4 மடங்காகி 40 ஆனால், கழற்றும்போது உதவும் இழுவிசைப் பங்கான 2.5-ஐக் கழித்தாலும் போல்ட்டின் தண்டு 37.5 நியூட்டன் மீட்டர் முறுக்கைத் தாங்க வேண்டும். அது 33-ஐத் தாண்டிவிட்டது. 3 மடங்கு வரை கழலக்கூடிய போல்ட், 4 மடங்கில் ஒடியக்கூடும்.

தலையடி உராய்வான 12.5-ஐயும் சேர்த்தால், தண்டு ஒடியும் கட்டத்தில் ஸ்பானரில் விழும் முறுக்கு 45.5 நியூட்டன் மீட்டர். 25 செ.மீ. நீள ஸ்பானரில் இதற்கு 18.6 கிலோ விசை தேவை. கை அந்த எதிர்ப்பை உணரும். 60 செ.மீ. இரும்புக் குழாயை ஸ்பானரில் சொருகினால் 7.7 கிலோ போதும், அதாவது 58 விழுக்காடு குறைவு. ஒருவர் தன் உடல் எடையில் 40 கிலோவைக் குழாயின் மேல் சாய்த்தால் 235 நியூட்டன் மீட்டர் இறங்கும். ஒடிக்கத் தேவையானதைப்போல் 5 மடங்குக்கு மேல். சக்கர நட்டுக்குக் குழாய் பொருந்தலாம். எம்8 போல்ட்டுக்கு அது ஒடிக்கும் கருவி.

தண்டு ஒடியும் முன்பே பல இடங்களில் தலை மழுங்கிவிடுகிறது. மாருதி, ஹூண்டாய் கார்களில் எம்8 போல்ட்டின் தலை பெரும்பாலும் 12 மி.மீ.; பன்னாட்டுத் தரத்தில் 13 மி.மீ. 12 மி.மீ. அறுகோணத் தலையின் மூலைக்கு மூலை அகலம் 13.86 மி.மீ. பக்கத்திலிருந்து மூலை துருத்தி நிற்பது வெறும் 0.93 மி.மீ. ஸ்பானர் பிடிப்பது அந்த 0.93 மி.மீ. உலோகத்தை மட்டுமே. மூலையில் அரை மி.மீ. தேய்ந்தால் பிடிமானத்தில் 54 விழுக்காடு போய்விடுகிறது.

12 மி.மீ. தலையில் 13 மி.மீ. ஸ்பானரை மாட்டினால், அது சுமார் 10 டிகிரி வெறுமனே சுழன்ற பிறகே மூலையைத் தொடும், பக்கத்தில் படியாது. சரியான அளவில் 0.1 மி.மீ. தளர்வு மட்டும் இருந்தால் இந்த வெற்றுச் சுழற்சி 1 டிகிரிக்கும் குறைவு. முதல் முயற்சியிலேயே 6 முனை சாக்கெட்டை மாட்டுவதுதான் தலையைக் காக்கும் வழி. 12 முனை ரிங் ஸ்பானர் மூலைக்கு அருகில் பிடிப்பதால், துருவேறிய தலையை அது விரைவாகத் தேய்த்துவிடுகிறது.

அதே மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் இன்னொரு அளவுச் சிக்கலும் உண்டு. மலைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பழைய ஜீப்புகளில் அங்குல மரை போல்ட்டுகள் உள்ளன. 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ.; எம்8-உடன் ஒப்பிட்டால் வேறுபாடு 0.06 மி.மீ. மட்டுமே, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதன் நுண்மரை அங்குலத்துக்கு 24, அதாவது இடைவெளி 1.06 மி.மீ.; எம்8-இல் 1.25 மி.மீ. ஒன்றின் துளையில் மற்றொன்றைச் செலுத்தினால் 6 சுற்றில் 1.1 மி.மீ.க்கு மேல் பிசகு சேரும். ஏறக்குறைய ஒரு முழு மரை. ஒரே டப்பாவில் ஜீப் போல்ட்டையும் கார் போல்ட்டையும் கலந்து போடும் வீடுகளில் மரை போவதற்கு இது போதுமான காரணம்.

துருவின் வேலையையும் மில்லிமீட்டரில் அளக்கலாம். எம்8 போல்ட்டுக்கும் நட்டுக்கும் நடுவே விட்டத்தில் விடப்படும் குறைந்தபட்ச இடைவெளி 0.028 மி.மீ. இரும்பு துருவானால் கன அளவு 2 முதல் 6 மடங்காகிறது. 0.01 மி.மீ. இரும்பு அரிக்கப்பட்டால் 0.02 முதல் 0.06 மி.மீ. தடிமனில் துரு நிற்கும். மரைக்குள் இடம் அடைபட இதுவே போதும். துரு இளக்கும் எண்ணெயும் அதே நூலிழை இடைவெளி வழியாகத்தான் உள்ளே ஊற வேண்டும். அதனால் இங்கே முதல் செலவு பணம் அல்ல, நேரம். மாலையில் எண்ணெய் விட்டு, தலையில் சுத்தியலால் மெல்லத் தட்டி, காலைவரை 12 மணி நேரம் விடுவது எந்தக் குழாயையும்விடப் பாதுகாப்பானது. காலையில் முதலில் சிறிது முடுக்கி, பிறகு கழற்றி, மாற்றி மாற்றி அசைக்க வேண்டும்.

எண்ணெய்க்கு அடங்காவிட்டால் வெப்பம். எஃகு ஒவ்வொரு டிகிரிக்கும் தன் நீளத்தில் 10 லட்சத்தில் 12 பங்கு விரிகிறது. அலுமினியம் 23 பங்கு. எஃகு நட்டை மட்டும் 200 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடாக்கினால் 8 மி.மீ. துளை 0.019 மி.மீ. பெரிதாகும். முன் சொன்ன 0.028 மி.மீ. இடைவெளியில் இது 69 விழுக்காடு. அலுமினிய எஞ்சினில் பதிந்த எஃகு போல்ட்டை எஞ்சினோடு சேர்த்து 100 டிகிரி ஏற்றினாலும் 0.009 மி.மீ. தளர்வு கிடைக்கும்.

வெப்பத்துக்கு இரண்டு எல்லைகள் உண்டு. 8.8 போல்ட் குறைந்தது 425 டிகிரியில் பதப்படுத்தப்படுகிறது. அதைத் தாண்டிச் சிவக்கக் காய்ந்த போல்ட் பழைய வலிமையை இழந்திருக்கும், மீண்டும் பூட்டக் கூடாது. பெட்ரோலின் ஆவியோ சுமார் மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடியது. டேங்க், பெட்ரோல் குழாய், பிரேக் ஹோஸ் அருகே தீச்சுவாலைக்கு இடமே இல்லை.

தண்டு ஒடிந்துவிட்டால் பலரும் அடுத்து எடுப்பது, ஒடிந்த துண்டில் துளையிட்டு உள்ளே இறக்கித் திருகி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டர். முறுக்கு வலிமை விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. எம்8 மரையின் உட்தண்டு 6.47 மி.மீ.; அதற்குள் இறங்கும் எக்ஸ்ட்ராக்டரின் முனை 4 மி.மீ. என்று கொள்வோம். விகிதம் 0.62, மும்மடி 0.24. எக்ஸ்ட்ராக்டரின் எஃகு இரு மடங்கு வலிமையானது என்று வைத்தாலும், அது தாங்குவது ஒடிந்த போல்ட் தாங்கியதில் பாதிக்கும் குறைவு. போல்ட்டை ஒடித்த இறுக்கம் எக்ஸ்ட்ராக்டரையும் ஒடிக்கக்கூடும். உள்ளே ஒடிந்த அந்தக் கடின எஃகில் சாதாரண டிரில் பிட் இறங்காது. மேலே துண்டு துருத்தி நின்றால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்வதே நல்லது. புதிய தலையும் கிடைக்கிறது, தேவையான வெப்பமும் கிடைக்கிறது.

துளையிட்டுத்தான் எடுக்க வேண்டுமென்றால் நடுப்புள்ளியே எல்லாம். 6.5 மி.மீ. பிட், மையத்திலிருந்து அரை மி.மீ. விலகினால், ஒரு பக்கத்தில் துளையின் மரைக்குள் 0.43 மி.மீ. பாயும். மரையின் ஆழம் 0.68 மி.மீ. அந்தப் பக்கம் 63 விழுக்காடு மரை போய்விட்டது. சென்டர் பஞ்சால் குறித்து, 3 மி.மீ. பிட்டில் தொடங்குவது இதனால்தான். மரை முழுதும் போனால் 8.3 மி.மீ. துளையிட்டு, ஹெலிகாயில் எனப்படும் சுருள்கம்பி மரையைப் பூட்டலாம். ஆனால் அது பட்டறைக்குரிய வேலை.

பட்டறைச் செலவை ஒரு கற்பிதக் கணக்காகப் போடலாம். ஒரு வழி 30 கிலோமீட்டர், பைக் லிட்டருக்கு 50 கிலோமீட்டர், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றால், தேனி போய்வர 1.2 லிட்டர், 120 ரூபாய். இழந்த நாளுக்கு நூறு நாள் வேலையின் கூலியை மதிப்பாக வைப்போம்: தமிழ்நாட்டில் 2023-24-இல் 294, 2024-25-இல் 319, 2025-26-இல் 336 ரூபாய். இரண்டு ஆண்டில் 14 விழுக்காடு உயர்வு. கடைசிக் கூலியைச் சேர்த்தால் மொத்தம் 456 ரூபாய்; லேத் கூலி இதில் சேரவில்லை. புதிய போல்ட் 20 ரூபாய் என்று கொண்டால், அவசரத்தின் விலை அதைப்போல் 23 மடங்கு.

மாற்றுப் போல்ட்டிலும் எண்ணைப் பார்க்க வேண்டும். இரும்புக் கடையில் கிடைக்கும் 4.6 தரப் போல்ட் சதுர மி.மீ.க்கு 240 நியூட்டனில் நெகிழத் தொடங்கும், 8.8 தரம் 640-இல். வலிமை 37.5 விழுக்காடுதான். இந்தியத் தரம் ஐ.எஸ். 1367 இந்த எண்களை வரையறுக்கிறது. தமிழ்நாட்டில் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் போன்ற ஆலைகள் உயர்தரப் போல்ட்டுகளைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகின்றன; நல்ல போல்ட்டுக்கு இங்கே பஞ்சமில்லை. தலையில் எண்ணும் தயாரிப்பாளர் குறியும் இல்லாத போல்ட்டை பிரேக்கிலோ சஸ்பென்ஷனிலோ பூட்டாதீர்கள்.

வீட்டில் கார் வேலை செய்பவர்கள் வாங்க வேண்டிய முதல் பொருள் நீளக் குழாய் அல்ல. 10, 12, 13, 14, 17 மி.மீ. அளவுகளில் 6 முனை சாக்கெட்டுகளும் முறுக்கை அளந்து காட்டும் ஒரு டார்க் ரென்ச்சும்தான். 8 நியூட்டன் மீட்டரைக் கை எப்போதும் சரியாக உணராது; அளவுகோல் காட்டிவிடும்.