இந்தியாவில் இளம் ரேலி ஓட்டுநர்களை உருவாக்குதல்

ரேலி என்பது சுற்றுப்பாதையில் நடக்காத கார்ப் பந்தயம். பொதுப் போக்குவரத்துக்கு மூடப்பட்ட மண்சாலையிலோ தார்ச்சாலையிலோ கார்கள் ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு அனுப்பப்படும். இப்படி நேரம் கணக்கிடப்படும் பகுதிக்குச் சிறப்புக் கட்டம் என்று பெயர். எல்லாக் கட்டங்களையும் சேர்த்துக் குறைந்த நேரத்தில் முடிப்பவர் வெற்றி பெறுவார். பத்திரிகைகள் இதைச் சில சமயம் 'கார் பேரணி' என்று எழுதுகின்றன. பேரணி என்றால் நம் மக்களுக்குக் கொடி பிடித்த ஊர்வலம்தான் நினைவுக்கு வரும் என்பதால், இக்கட்டுரை ரேலி என்ற சொல்லையே பயன்படுத்துகிறது.

இந்திய தேசிய ரேலி சாம்பியன்ஷிப் 1988 முதல் நடந்துவருகிறது. இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு இதை நெறிப்படுத்துகிறது. 1971இல் தொடங்கப்பட்ட இக்கூட்டமைப்பின் தலைமையகம் சென்னையில் உள்ளது. ஆயினும் இந்தியாவிலிருந்து உலக அளவுக்குச் சென்ற ரேலி ஓட்டுநர்கள் மிகச் சிலரே.

முன்னே சென்றவர்கள்

தமிழகத்தில் இவ்விளையாட்டுக்கு வேர் உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த ஜி. ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ரேலியில் ஏழு முறை வென்றவர். அவருடைய மகன் நரேன் கார்த்திகேயன் சுற்றுப்பாதைப் பந்தயத்தைத் தேர்ந்தெடுத்து, 2005இல் பார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். தந்தையின் வழியிலேயே மண்பாதையில் சென்றிருந்தால் அவ்வளவு உயரம் எட்டியிருப்பாரா என்பது ஐயமே. சுற்றுப்பாதை ஓட்டுநருக்கு கார்ட்டிங், சிறிய பார்முலா கார்கள் என்று படிப்படியான ஏணி இருந்தது. ரேலிக்கு அப்படி ஓர் ஏணி இங்கே நெடுங்காலம் இல்லை.

டெல்லியைச் சேர்ந்த கௌரவ் கில் ஆசிய பசிபிக் ரேலி சாம்பியன்ஷிப்பை 2013, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் வென்றார். மூன்று முறையும் அவர் ஓட்டியது எம்ஆர்எஃப் அணியின் ஸ்கோடா ஃபேபியா கார். 2019இல் அர்ஜுனா விருது பெற்றார். மோட்டார் விளையாட்டுக்காக அவ்விருதைப் பெற்ற முதல் வீரர் அவரே.

என்ன கற்க வேண்டும்?

வேகமாக ஓட்டுவது பாடத்தின் ஒரு பகுதி மட்டுமே. முக்கியமான பாடம் வேகக் குறிப்பு. போட்டிக்கு முன்பு ஓட்டுநரும் இணை ஓட்டுநரும் சாதாரண வேகத்தில் அதே பாதையில் சென்று, ஒவ்வொரு வளைவையும் குறித்துக்கொள்வார்கள். வளைவு இடமா வலமா, எவ்வளவு கூர்மையானது (பெரும்பாலும் ஒன்று முதல் ஆறு வரை எண்ணால்), அடுத்த வளைவுக்கு எத்தனை மீட்டர், நடுவில் மேடா கல்லா என்பதெல்லாம் அதில் இருக்கும். போட்டியின்போது இணை ஓட்டுநர் இதைத் தலைக்கவச ஒலிவாங்கி வழியே வாசித்துக்கொண்டே வருவார். கண்ணுக்குத் தெரியாத வளைவுக்குள் ஓட்டுநர் அந்தக் குரலை நம்பித்தான் நுழைகிறார். குறிப்பு எழுதவும், கேட்டதை உடனே கைக்குக் கொண்டுவரவும் பல பருவங்கள் பழக வேண்டும்.

அடுத்தது மண்ணைப் படிப்பது. குருவிகுளம் பக்கத்துக் கரிசல் வண்டிப்பாதையில் மழைக்குப் பின் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். சக்கரத்தில் மண் அப்பிக்கொண்டு வண்டி நம் பேச்சைக் கேட்காது. அதே பாதை கோடையில் கல்போல இறுகிவிடும். செம்மண் சரளை வேறு விதம்; முன்னே சென்ற கார்கள் மேல்சரளையை ஒதுக்கிவிட்டால் பின்னே வருபவருக்குப் பிடிப்பு கூடும். எந்தப் பாதையில் எந்த டயர், எங்கே பிரேக் என்பதை இப்படித்தான் தீர்மானிக்கிறார்கள்.

வயது என்னும் தடை

பின்லாந்தின் கல்லே ரோவன்பெரா 2000இல் பிறந்தவர். தந்தை ஹாரியும் ரேலி ஓட்டுநர். எட்டு வயதிலேயே மூடிய இடங்களில் கார் ஓட்டத் தொடங்கினார். பதினைந்து வயதில், விதிகள் இடங்கொடுத்த லாட்வியா நாட்டுப் போட்டிகளில் கலந்துகொண்டார். சிறப்புக் கட்டங்களை அவர் ஓட்டுவார். இடையிலுள்ள பொதுச் சாலைகளில் உரிமம் பெற்ற இணை ஓட்டுநர் ஓட்டுவார். 2022இல், 22 வயதில், உலக சாம்பியன் ஆனார். அவ்வளவு இளம் வயதில் அப்பட்டத்தை வென்றவர் வேறெவரும் இல்லை.

இந்தியாவில் கார் உரிமத்துக்கு 18 வயது ஆக வேண்டும். நம் இளைஞர் முதல் ரேலிக்கு வரும்போது, ஐரோப்பிய இளைஞர் சில ஆண்டுப் பயிற்சியை முடித்திருப்பார். கார்ட்டிங், ஆட்டோகிராஸ் போன்றவற்றை மூடிய இடத்தில் இளமையிலேயே பழகினால் இந்த இடைவெளி ஓரளவு குறையும்.

தாமதமாகத் தொடங்கியும் முன்னேற முடியும் என்பதற்கு ஜப்பானின் தகாமோட்டோ கட்சுட்டா சான்று. சுற்றுப்பாதை ஓட்டுநராக இருந்த அவரை, டொயோட்டா நிறுவனம் 2015இல் தன் பயிற்சித் திட்டத்தில் சேர்த்து பின்லாந்துக்கு அனுப்பியது. 2021 சஃபாரி ரேலியில் இரண்டாம் இடம் பெற்றார். ஆறு ஆண்டு பொறுமையும் அதற்கான பணமும் ஒரு நிறுவனத்திடம் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும்.

காரும் பணமும்

தேசியப் போட்டியில் பெரும்பாலும் போலோ போன்ற முன்சக்கர இயக்கக் கார்களே ஓடுகின்றன. உலக இளையோர் சாம்பியன்ஷிப்பிலோ 2022 முதல் நான்கு சக்கர இயக்கம் கொண்ட ஃபோர்டு ஃபியஸ்டா ரேலி3 கார் பயன்படுகிறது. இரண்டையும் ஓட்டும் முறையே வேறு. எனவே உள்நாட்டில் வென்றவரும் வெளிநாட்டில் மீண்டும் மாணவராக வேண்டியிருக்கிறது. இதற்கான செலவை நம் நாட்டில் பெரும்பாலும் டயர் நிறுவனங்களே ஏற்றுவந்துள்ளன. சொந்தப் பணத்தில் தொடர்வது நடுத்தரக் குடும்பத்துக்கு இயலாது.

பணம் இல்லாத திறமைசாலிகளைத் தேட, சர்வதேச மோட்டார் வாகனக் கூட்டமைப்பு 2021இல் 'ரேலி ஸ்டார்' திட்டத்தைத் தொடங்கியது. 17 முதல் 26 வயது வரையிலானவர்கள் கணினி விளையாட்டு மூலமாகக்கூடத் தேர்வில் நுழைய முடிந்தது. அதில் தேர்வான எஸ்தோனியாவின் ரோமெட் யூர்கென்சன் 2024இல் உலக இளையோர் சாம்பியன் ஆனார்.

பாதுகாப்பு

2019 செப்டம்பரில் ராஜஸ்தானில் நடந்த தேசியப் போட்டியில், மூடப்பட்ட பாதைக்குள் வந்த மோட்டார் சைக்கிள் மீது கார் மோதி மூவர் உயிரிழந்தனர். பாதையோரக் கிராமத்தாருக்கு முன்கூட்டியே அறிவிப்பது, ஒவ்வொரு கிளைப்பாதையிலும் காவலர் நிறுத்துவது ஆகியவை அமைப்பாளர்களின் கடமை. மூடப்படாத சாலையில் 'பயிற்சி' என்று வேகமாக ஓட்டுவது பயிற்சியே அல்ல, குற்றம்.

தொடங்கும் வழி

போட்டியிட விரும்புவோர் ஓட்டுநர் உரிமத்துடன், தேசியக் கூட்டமைப்பின் போட்டி உரிமமும் பெற வேண்டும். தேசிய சாம்பியன்ஷிப்பில் இளையோருக்குத் தனிப் பட்டம் உண்டு. கார் வாங்க வசதியற்றவர்கள் இணை ஓட்டுநராகத் தொடங்குவது நல்ல வழி. கேரளத்தின் காசர்கோட்டைச் சேர்ந்த மூசா ஷெரீப் இணை ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தே இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் பெயர் பெற்றவர்.