கூடத்துக்குள் வந்த நாகஸ்வரம்

நாகஸ்வரம் கூரைக்கு அடியில் வாசிப்பதற்காக உண்டான வாத்தியம் அல்ல. காவிரிப் படுகையின் கோயில்களில் அது சுவாமிக்கு முன்னால் நடந்தபடி வாசிக்கப்பட்டது. புறப்பாட்டுக்கு மல்லாரி, வீதி மூலைகளில் நின்று நின்று ராக ஆலாபனை, பள்ளியறைக்கு நீலாம்பரி என்று இரவு நீளும். கேட்பவர்களில் பாதிப் பேர் கூட்டத்திலேயே இருக்கமாட்டார்கள். திண்ணையில் படுத்திருப்பவர், வயலுக்குத் தண்ணீர் கட்டப் போனவர், அடுத்த ஊரில் தூக்கம் வராமல் கிடப்பவர் என்று எல்லோர் காதுக்கும் அது போய்ச் சேரும். அப்படிப்பட்ட வாத்தியத்தைப் பத்தங்குல அரக்குத் தட்டில் அடக்கி வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தது, தஞ்சை மண்ணின் இசை கேட்கும் பழக்கத்தில் நேர்ந்த பெரிய மாறுதல்களில் ஒன்று.

வாத்தியம் இந்த மண்ணிலேயே உருவாவது. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் ஆச்சாமரத்தைக் கடைந்து குழல் செய்கிறார்கள். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் நாள்பட்ட கட்டைதான் இதற்கு உகந்தது. வாயில் வைத்து ஊதும் சீவாளி, காவிரிக் கரையில் வளரும் கொறுக்கைத் தட்டையில் செய்வது. வாசிப்பதற்கு ஏழு துளை. சுருதியைச் சரிசெய்து மெழுகால் அடைத்துக்கொள்ளக் கூடுதலாக ஐந்து. முன்பு புழங்கிய திமிரி நாயனம் குட்டையானது, உச்ச சுருதியில் பேசுவது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக நீளமான பாரி நாயனத்தைச் செம்மைப்படுத்திக் கொடுத்தார். சுருதி தாழ்ந்தது, நாதம் கனத்தது. வீட்டில் உட்கார்ந்து கேட்பவருக்குத் திமிரியைவிடப் பாரியே இதமானது. நாலு சுவருக்குள் திமிரியின் உச்சக் குரல் காதைக் குத்தும்.

இந்தியாவில் கிராமபோன் ஒலிப்பதிவு 1902-ல் கல்கத்தாவில் தொடங்கியது. 1908-ல் அங்கேயே தட்டு அச்சடிக்கும் ஆலையும் வந்தது. அந்தக் காலத்தில் மைக் கிடையாது. ஒரு கூம்பின் வாயில் பாடவோ வாசிக்கவோ வேண்டும், அந்த அதிர்வே ஊசியைத் தள்ளி மெழுகில் கோடு கீறும். மெல்லிய ஒலி அதில் விழவே விழாது. 1925-ல் மின்முறைப் பதிவு வந்தபின் நிலைமை மாறியது. தஞ்சை அரண்மனைக் கலைஞர் வழியில் வந்த வீணை தனம்மாள், சென்னை ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காத அமைதியில் வாசித்தவர். அவருடைய வீணை தட்டில் ஏறியது 1930-களில்தான். வீட்டுக்கென்றே இருந்த வாத்தியம் வீட்டுப் பெட்டிக்குள் வரத் தயங்கியது. வீதிக்கென்று இருந்த நாகஸ்வரத்துக்கு ஒலிப்பஞ்சம் என்றுமே இருந்ததில்லை.

அதற்கு வந்த சிக்கல் நேரம். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்தங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம் கிடைக்கும். பன்னிரண்டு அங்குலத் தட்டென்றால் நான்கு, நாலரை. தவிலுக்கு வேறொரு குறையும் நேர்ந்தது. வலந்தலையில் விரல் கூடுகள் எழுப்பும் வெட்டொலி பழைய தட்டுகளில் துல்லியமாகக் கேட்கும். கழியால் அடிக்கும் தொப்பியின் ஆழ்ந்த கும்காரம் மட்டும் எங்கோ தொலைவில் கேட்பதுபோல் ஒலிக்கும். பழைய தட்டை மட்டும் கேட்டு ஒரு தவில் வித்துவானை எடைபோடுவது அநியாயம்.

ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இந்தக் குறுகிய இடத்தில்தான் நிற்கிறது. திருமருகலில் 1898-ல் பிறந்தவர், திருவாவடுதுறை ஆதீன வித்துவான், 1940-ல் ‘காளமேகம்’ படத்தில் கதாநாயகனாக நடித்தவர். வீதியில் தோடியை எடுத்தால் மணிக்கணக்காக விரிப்பார் என்பது நேரில் கேட்டவர்கள் வழிவழியாகச் சொல்லிவந்த செய்தி. தட்டில் இரண்டு பக்கமும் சேர்ந்தாலும் ஆறேழு நிமிடத்தைத் தாண்டாது. ஆனாலும் அந்தத் தோடியில் அவசரம் துளியும் இல்லை. தோடியின் உயிர் காந்தாரத்தில் இருக்கிறது. ஒரே இடத்தில் நிற்காமல் ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்க வேண்டிய சுரம் அது. நாகஸ்வரத்தில் மெட்டுக்கட்டை இல்லை. பாதி மூடிய விரலும் மூச்சின் அழுத்தமும்தான் அந்த அசைவைத் தர வேண்டும். பிள்ளையின் காந்தாரத்தில் கை எங்கே முடிந்து மூச்சு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பஞ்சமத்தைத் தொடாமல் தாண்டி தைவதத்தில் இறங்கும் பிடிகளும், அவற்றுக்குப் பிறகு கொட்டும் பிருகாக்களும், ஒரு வித்துவான் எதை விடலாம், எதை விடக் கூடாது என்பதற்கு நல்ல பாடம். ஆறேழு நிமிடத்துக்குள் ஒரு ராகம் முழு உருவில் நிற்க முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் தட்டு தென்னிந்திய இசையில் அரிது.

அடுத்த இடம் அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலத்துக்கு. பிறந்தது தாமிரபரணிச் சீமை, வாசித்தது திருவாவடுதுறை வழி. குருவிடம் இருந்த சீற்றம் சீடரிடம் குளிர்ந்து குழைந்தது. 1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு இணைந்து அவர் வாசித்த ஆபேரிப் பாட்டு, சங்கீதம் அறியாத வீடுகளிலும் நாகஸ்வரத்தைக் கொண்டுபோய் வைத்தது. கீர்த்தனையைச் சுத்தமான பாடாந்தரத்தில் கேட்க வேண்டுமானால் திருவீழிமிழலை சகோதரர்களிடம் போக வேண்டும். சாகித்தியம் தெரிந்தவருக்கு அந்த வாசிப்பில் சொல்லே காதில் விழும். மல்லாரியைப் பொறுத்தவரை எந்தப் பதிவும் போதாது. நடையும் தீவட்டியும் தோளில் ஆடிவரும் சுவாமியும் இல்லாமல் அது பாதி மல்லாரிதான்.

எல்லா வீட்டிலும் பெட்டி இருந்ததில்லை. கிராமபோன் மிராசுதார் வீட்டுக் கூடத்தில் இருந்தது. ஊருக்கு வாய்த்தது 1939 மே 16-ல் தொடங்கிய திருச்சி வானொலியும், அதற்குப் பிறகு வந்த சவுண்ட் சர்வீஸும். கல்யாணமோ காதுகுத்தோ என்றால் தென்னை மரத்தில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிவிடுவார்கள். விடியலில் நாகஸ்வரத் தட்டு, அதையடுத்து சீர்காழி கோவிந்தராஜனின் பக்திப் பாட்டு, பொழுது ஏறினால் சினிமாப் பாட்டு. கூடத்துக்குள் அடைபட்ட வாத்தியம் இந்தக் குழாய் வழியாக மறுபடி வயல்வெளிக்குப் போனது. ஒலி கரகரத்தாலும், தூரம் திரும்பக் கிடைத்தது.

ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் நெடுந்தட்டு 1948-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. அது இந்திய வீடுகளில் பரவுவதற்கு முன்பே, 1956 டிசம்பர் 12-ல், ராஜரத்தினம் பிள்ளை மறைந்துவிட்டார். இசை ரசிகர்களுக்கு ஆறாத இழப்பு இது. மேற்கே இதே நெடுந்தட்டை பீட்டில்ஸ் குழு வேறு விதமாகப் பயன்படுத்தியது. 1966-ல் ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்வதை நிறுத்திவிட்டு, மறு ஆண்டில் வீட்டில் உட்கார்ந்து முழுதாகக் கேட்பதற்கென்றே ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ தட்டை ஒலிப்பதிவுக் கூடத்தில் கட்டியெழுப்பினார்கள். ராக் ரசிகர்கள் ஒரு தட்டை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை ஒரே மூச்சில் கேட்பது அந்தக் காலத்தில் ஊன்றிய பழக்கம். நாகஸ்வரத்துக்கு அந்தப் பேறு தாமதமாக, ஒலிநாடா வந்தபிறகு வாய்த்தது. நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சைப் பாணி கற்று, ஸ்ரீரங்கத்தில் குடியேறிய ஷேக் சின்ன மௌலானாவின் நிதானமான ஆலாபனையைக் கேட்க நாடா பொருத்தமாக அமைந்தது. அதே நாடா ‘மங்கல இசை’ என்ற பெயரில் கல்யாண மண்டபங்களுக்குள் நுழைந்து, மேளக்காரர் உட்கார வேண்டிய இடத்தையும் பிடித்துக்கொண்டது.

இன்று பழைய தட்டுகளிலிருந்து பெயர்த்தெடுத்த பதிவுகள் கைபேசியிலேயே கிடைக்கின்றன. கேட்குமுன் வேகத்தைச் சரிபார்க்க வேண்டும். 78 சுழல வேண்டிய தட்டு 82, 83 என்று சுழன்றால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். பாரியின் கனம் போய்த் திமிரியின் சாயல் வந்துவிடும், பிருகாவும் இல்லாத வேகத்தைக் காட்டும். இரைச்சலை முற்றாகத் துடைத்த பதிவுகளையும் தவிர்ப்பது நல்லது. இரைச்சலோடு சேர்ந்து சீவாளியின் காற்றொலியும் போய்விடுகிறது, நாகஸ்வரத்தில் மனிதர் இருப்பதைக் காட்டுவது அந்தக் காற்றுதான்.

கேட்கும் இடமும் முக்கியம். ஒலிபெருக்கிக்கு நேரெதிரே நாற்காலி போட்டு உட்காருவது மேற்கத்திய முறை, வீணைக்கும் வாய்ப்பாட்டுக்கும் அது பொருந்தும். நாகஸ்வரத்தை அவ்வளவு அருகில் வைத்துக் கேட்கக் கூடாது. நடுவில் முற்றம் உள்ள பழைய தஞ்சை வீடு இதற்கு வாகானது. பெட்டியைக் கூடத்தில் வைத்து, மூலையை விட்டு இரண்டடி தள்ளி நிறுத்தினால் தவில் முழங்கிக் குழம்பாது. ஒலி முற்றத்து வானத்தில் கொஞ்சம் கலைந்து, ரேழி வழியாக வாசலுக்கு வரும். கேட்பவர் திண்ணையில் இருக்க வேண்டும், விளக்கை அணைத்துவிட்டு, ராத்திரிச் சாப்பாடு முடிந்த பிறகு.